அறுநூற்றுப் பதினொரு மஞ்சள் வாளிகள்

அலுவலகத்தில் அவனுக்குச் சுத்தம் என்று பெயர். வைத்தது கூட வேலை பார்க்கும் மென்பொருள்காரர்கள். பத்துப் பேர் கைபட்டுச் சிக்குப் பிடித்துப்போன நிரலை அவன் மேஜைக்கு அனுப்பினால், இரண்டு வாரத்தில் அது பாதியாக இளைத்து, குளித்துத் தலை வாரிக்கொண்டு வந்த மாதிரி திரும்பி வரும். யாரும் தொடாத பகுதி, எதற்கென்றே தெரியாத பகுதி, ஒரே வேலையை இரண்டு தரம் செய்யும் பகுதி எல்லாம் போன இடம் தெரியாது. அந்தப் பெயரில் அவனுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. அவன் தங்கையும் அவனைச் சுத்தம் என்றுதான் சொல்வாள். ஆனால் அவள் வாயில் அது, பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்த பிறகு சமையலறை வாசலில் நின்று ஒருவர் சொல்வாரே, "சுத்தம்" என்று, அந்தச் சுத்தமாக இருக்கும்.

தங்கை தொல்லியல்காரி. நகரத்திலிருந்து ஆறு மணி நேரம் தள்ளி ஒரு மேட்டில் குழி வெட்டி, பழைய காலத்து ஆட்கள் எதைத் தின்றார்கள், எதை உடைத்தார்கள், உடைத்ததைக் கொண்டுபோய் எங்கே போட்டார்கள் என்று பார்ப்பது அவள் பிழைப்பு. மானிடவியலும் படித்திருந்தாள். அதாவது, செத்தவர்களைத் தோண்டுவதோடு நிற்காமல், உயிரோடு இருப்பவர்கள் பக்கத்திலும் மாதக்கணக்கில் உட்கார்ந்து, அவர்கள் எப்படி வேலை செய்கிறார்கள், எதற்குச் சண்டை போடுகிறார்கள் என்று எழுதிவைக்கத் தெரியும். இவ்வளவு தெரிந்தவளுக்கு, தான் வெட்டிய குழி எந்தப் பக்கம் இருக்கிறது என்பது மட்டும் ஒரு நாள் மறந்துவிட்டது. கணுக்கால் எலும்பு முறிந்து, ஆறு வார மாவுக்கட்டோடு அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

அண்ணி பள்ளி ஆசிரியை. காலையில் அவளும் போய், அண்ணனும் போய்விட்டால் வீட்டில் தங்கை தனி. மூன்று நாள் பொறுத்துப் பார்த்தாள். நான்காம் நாள் சாயங்காலம், மூவரும் தேநீரோடு உட்கார்ந்திருந்தபோது, வீட்டுக் குப்பைக் கூடையைச் செய்தித்தாளில் கொட்டி அடுக்கடுக்காகப் பிரித்துப் பார்த்ததாகச் சாவகாசமாகச் சொன்னாள். இந்த வீட்டில் ஒருவர் வாரத்துக்கு மூன்று தரம் ஒரு பாக்கெட் கிரீம் பிஸ்கட்டை ஒரே மூச்சில் தின்கிறார். உறையை நாலாக மடித்து, காலிப் பால் கவருக்குள் திணித்துப் போடுகிறார். மடிப்பு இவ்வளவு ஒழுங்காக இருப்பதால் ஆள் யார் என்பதில் ஆய்வாளருக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. சர்க்கரையைக் குறைக்கச் சொல்லி மருத்துவர் அவனுக்கு எழுதிக்கொடுத்த சீட்டு குளிர்பெட்டிக் கதவிலேயே ஒட்டியிருந்தது. அண்ணி அந்தச் சீட்டைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை என்று அவனுக்கு இருந்தது.

மறுநாள் காலை அவனே தங்கையை வண்டியில் ஏற்றித் தன்னோடு வேலைக்குக் கூட்டிக்கொண்டு போனான். விட்டால் அடுத்து துணி அலமாரியில் கை வைப்பாள்.

அவனுக்கு அப்போது வேலை தன் அலுவலகத்தில் இல்லை. மத்திய ரயில் நிலையத்தின் கீழ்த்தளத்தில், தவறவிட்ட பொருட்கள் அலுவலகத்தில். ரயிலிலும் பேருந்திலும் மக்கள் மறந்து இறங்கியதெல்லாம் அங்கேதான் வரும். ஒரு ஜன்னல், அதற்குப் பின்னால் இருபத்துநான்கு ரேக்குகள் கொண்ட கிடங்கு. குடைக்கு மட்டும் நான்கு ரேக். ஒற்றை ஷூக்கள், உறையில் போட்டு எண் எழுதிய பல் செட்டுகள், பறவை இல்லாத ஒரு கூண்டு, ஏழு ஊன்றுகோல்கள். ஊன்றுகோலை வண்டியில் மறந்துவிட்டு அந்த மனிதர் எப்படி நடந்து போனார் என்று தங்கை, தன்னுடைய இரண்டு ஊன்றுகோல்களையும் இறுக்கிப் பிடித்தபடி, வெகு நேரம் யோசித்தாள்.

ஜன்னலில் இருந்தவரை எல்லோரும் ஜன்னலம்மா என்பார்கள். பத்தொன்பது வருடமாக அதே நாற்காலி. கிடங்கைப் பார்த்துக்கொண்டவர் சாவிக்காரர். இடுப்பில் தொங்கும் கொத்தின் சத்தத்தை வைத்தே அவர் எந்த ரேக்கில் இருக்கிறார் என்று சொல்லிவிடலாம். இவர்களுக்கு மேலே, தலைமை அலுவலகத்தில், ஒரு மேலாளர். இருபத்திரண்டு வருடப் பழைய மென்பொருளைத் தூக்கிவிட்டுப் புதிது எழுதச் சொல்லி, என்னென்ன வேண்டும் என்று நாற்பத்தாறு பக்கத்தில் எழுதிக் கொடுத்தவர் அவர்தான். கீழ்த்தளத்துக்கு வருடத்தில் இரண்டு தரம் இறங்குவார். சுத்தம் அந்த நாற்பத்தாறு பக்கத்தையும் வரி விடாமல் படித்திருந்தான். கிடங்கை ஒட்டிய சின்ன அறையில் மூன்று மாதமாக உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தான். அந்த மூன்று மாதத்தில் அவன் ஜன்னலம்மாவோடும் சாவிக்காரரோடும் பேசியதை ஒரு தீப்பெட்டிக்குள் அடைத்துவிடலாம்: வணக்கம், சாவி வேணும், போயிட்டு வரேன்.

அந்த வாரம் அவன் பழைய பதிவுகளைப் புதிய மென்பொருளுக்கு மாற்றுவதற்கு முன் குப்பையைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். தங்கைக்கு ஒரு நாற்காலியும், காலைத் தூக்கி வைக்க ஒரு மரப்பெட்டியும் கிடைத்தன. திடீரென்று அவன் சிரித்தான். இருபத்திரண்டு வருடத்தில் அறுநூற்றுப் பதினொரு மஞ்சள் வாளிகள் தொலைந்திருக்கின்றன என்று வாசித்துக் காட்டினான்.

நீல வாளி எத்தனை என்று தங்கை கேட்டாள். ஒன்றுகூட இல்லை. சிவப்பு? அதுவும் இல்லை. உலகத்தில் வாளியோடு ரயில் ஏறுகிறவர்கள் எல்லோரும் மஞ்சள் வாளியோடுதான் ஏறுகிறார்கள், இறங்கும்போது தவறாமல் மறந்தும் விடுகிறார்கள். கிடங்கில் போய்ப் பார்த்தால் ஒரு வாளி கிடையாது. சுத்தத்துக்கு இதில் யோசிக்க எதுவும் இல்லை. யாரோ வேலையில்லாமல் தட்டிவைத்த குப்பை.

"குப்பைதான்னு தெரியுது. அதனாலதான் கேக்கறேன், பிரிண்ட் எடுத்துக் குடு," என்றாள் தங்கை.

அவளுடைய தொழிலில் அரண்மனை கிடைத்தால் சந்தோஷப்படுகிறவர்கள் பத்திரிகைக்காரர்கள்தான் என்று விளக்கினாள். அரண்மனையில் ராஜா ஊருக்குக் காட்ட நினைத்தது இருக்கும். குப்பைக்குழியில்தான் உண்மையில் நடந்தது இருக்கும். இதற்குச் சமீபத்திய உதாரணம் வேண்டுமானால் பால் கவர் ஒன்று இருக்கிறது என்றாள். அதை விட்டுவிடும்படி அவன் கேட்டுக்கொண்டு, பிரிண்ட் எடுத்துக் கொடுத்தான்.

மூன்று நாள் அவள் அந்தக் காகிதங்களோடு கிடந்தாள். ஒவ்வொரு வாளியையும் தன் நோட்டில் கையால் எழுதினாள்: பதிவான தேதி, ரேக் எண், தட்டு எண், 'ஒப்படைக்கப்பட்டது' என்று குறித்திருந்தால் அந்தத் தேதி. கணினியில் இருப்பதை எதற்குக் கையால் எழுதுகிறாய் என்று அண்ணன் கேலி செய்தான். மண்ணிலிருந்து ஒரு பானை ஓட்டுத் துண்டை எடுத்துவிட்டால் அது இருந்த இடம் போய்விடும், அப்புறம் அது வெறும் ஓடு, ஆகவே எடுக்கிறதுக்கு முன்னால் எழுதித்தான் ஆக வேண்டும், கை அப்படியே பழகிவிட்டது என்றாள்.

வியாழக்கிழமை மதியம் அவள் முடிவை அறிவித்தாள். மஞ்சள் வாளிகள் கண்டபடி சிதறவில்லை. வருடம் முழுக்கச் சீராக வருகின்றன; பல மாதம் கழித்து ஒவ்வொன்றாக 'ஒப்படைக்கப்படுகின்றன'. பொருள் இல்லை, பதிவு மட்டும் இருக்கிறது. நிறம் மாறவே இல்லை. இருபது வருடத்துக்கு மேல் ஒரே ஒழுங்கு. ஆகவே இது ஒரு சடங்குப் பொருள். அலுவலக நம்பிக்கை. யாருக்கோ ஏதோ நேர்ந்துகொண்டு ஒரு வாளி எழுதுகிறார்கள், நிறைவேறியதும் திருப்பிக் கொடுக்கிறார்கள்.

அவன் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தான். "உங்களுக்கு ஒண்ணு எதுக்குன்னு தெரியலைன்னா சாமிப் பொருள். எங்களுக்குத் தெரியலைன்னா டெலீட். அவ்வளவுதான் வித்தியாசம்."

தங்கைக்கு முகம் சிவந்தது. ஆனாலும் விடவில்லை. "எங்க ஆளுங்க செத்து ரெண்டாயிரம் வருஷம் ஆச்சுண்ணா. கேக்கணும்னா கேக்க முடியாது, அதனால ஊகம் பண்றோம். உன் ஆளுங்க பக்கத்து ரூம்ல உக்காந்து டீ குடிச்சிட்டிருக்காங்க. எழுந்து போய் கேளேன்."

கேட்கிறேன் என்று அவன் எழுந்துகூடப் போனான். ஜன்னலம்மா அப்போது, கறுப்புக் குடை தொலைத்த ஒருவரிடம், அந்தக் கறுப்பு எந்த மாதிரிக் கறுப்பு என்று விசாரித்துக்கொண்டிருந்தார். சுத்தம் கதவருகே ஒரு நிமிடம் நின்றான். காத்திருப்பது அவனுக்கு ஆகாது. திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டான்.

மறுநாள் ஜன்னலம்மா வரவில்லை. மகளுக்குப் பிரசவம், புதன்கிழமைதான் வருவார் என்றார்கள். தங்கை சாவிக்காரரைப் பிடித்தாள். வாளியெல்லாம் அந்தம்மா பாடு, எனக்குச் சாவி மட்டும்தான் தெரியும் என்று அவர் கொத்தை ஆட்டிக்காட்டிவிட்டுப் போனார். புதன் வரைக்கும் பொறு என்று தங்கை சொன்னாள். திங்கட்கிழமை புதிய மென்பொருளைத் தொடங்கிவைக்க மேலாளர் புகைப்படக்காரரோடு வருவதாக இருந்தது. எதற்குப் பொறுக்க? வெள்ளிக்கிழமை நாலரை மணிக்கு, அறுநூற்றுப் பதினொரு வாளிகளையும் சுத்தம் ஒரே வரியில் அழித்தான். மனதுக்கு இதமாக இருந்தது.

திங்களன்று மேலாளர் வந்தார், ஒரு பொத்தானை அழுத்தினார், படம் எடுத்தார்கள், போனார். புதிய மென்பொருள் முதல் வேலையாக, தொண்ணூறு நாள் தாண்டியும் யாரும் கேட்டு வராத பொருட்களுக்கு ஒரு பட்டியல் அச்சடித்தது. அப்படிப்பட்டவற்றைக் கழித்துவிட வேண்டும் என்பது பழைய விதி. செவ்வாய் காலை கழிவு லாரி வந்து நின்றது. பட்டியலை ஒரு தரம் படித்த சாவிக்காரர், சின்ன அறைக்கு வந்து கதவைத் தட்டினார். பதினேழாம் ரேக்கில் சில சாமான்களை அந்தம்மா வைத்திருக்கச் சொன்ன ஞாபகம், இதில் அதுவும் வருகிறதே என்று இழுத்தார். சுத்தம் காதில் மாட்டியிருந்ததை ஒரு பக்கம் மட்டும் தூக்கினான்.

"லிஸ்ட்ல என்ன இருக்கோ அதைச் செய்யுங்கண்ணே. தப்பா வராது."

சாவிக்காரர் செய்தார். தங்கை அன்று எக்ஸ்ரே எடுக்க மருத்துவமனைக்குப் போயிருந்தாள்.

புதன்கிழமை ஜன்னலம்மா பேத்தி பிறந்த மகிழ்ச்சியில் ஒரு சாக்லேட் டப்பாவோடு வந்து சேர்ந்தார். தங்கை காத்திருந்த மாதிரி ஒரு நாற்காலியை ஜன்னலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, நோட்டைப் பிரித்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் ஜன்னலில் ஒரு பெண்மணி வந்து நின்றார். ஐம்பது வயதுக்கு மேல். உடை தோளில் தொளதொளவென்று தொங்கியது. நோயிலிருந்து எழுந்து வந்தவர் என்று பார்த்ததும் தெரிந்தது. தான் தையல்காரி என்றும், போன வருடக் கடைசியில் ரயிலில் தையல் மாதிரி அட்டைகளின் கட்டு ஒன்றை விட்டுவிட்டதாகவும், அப்போதே தொலைபேசியில் சொல்லியிருந்ததாகவும் சொன்னார். சிகிச்சைக்குச் சேர்ந்ததால் ஐந்து மாதம் வர முடியவில்லை. வைத்திருப்பதாக ஜன்னலம்மா வாக்குக் கொடுத்திருந்தார்.

ஜன்னலம்மாவுக்கு எண் பார்க்கக்கூட வேண்டியிருக்கவில்லை. நேராகப் பதினேழாம் ரேக்குக்குப் போனார். போன வேகத்தில் திரும்பி, சின்ன அறை வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, வாளி எங்க?"

"எந்த வாளிம்மா?"

"மஞ்ச வாளி. நம்ம மஞ்ச வாளிங்க எல்லாம் எங்க போச்சு?"

அழித்துவிட்டதாக அவன் சொன்னான். ஜன்னலம்மா கத்தவில்லை. மரப்பெட்டியில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல நிதானமாகச் சொன்னார். பழைய மென்பொருளில் எந்தப் பொருளாக இருந்தாலும் தொண்ணூறு நாள்தான். வைத்திரு என்று சொல்ல அதில் வழி கிடையாது. மருத்துவமனையில் கிடப்பவர், கப்பலில் வேலை பார்ப்பவர், ஜெயிலில் இருப்பவர், இவர்களெல்லாம் தொலைபேசியில், நான் வரும்வரை வைத்திருங்கள் என்று கெஞ்சுவார்கள். என்ன செய்ய? இதை முதன்முதலில் எழுதிய ஆள் சோதித்துப் பார்ப்பதற்காக 'வாளி, மஞ்சள்' என்று ஒரு வகையை உள்ளே போட்டிருக்கிறான். அதற்கு நாள் கணக்கு வைக்க மறந்துவிட்டான். மஞ்சள் வாளிக்கு மட்டும் கெடு கிடையாது. ஜன்னலம்மாவுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் அதைக் கண்டுபிடித்தார். அன்றிலிருந்து, காக்க வேண்டிய பொருள் எந்த ரேக்கில் எந்தத் தட்டில் இருக்கிறதோ, அந்த இடத்துக்கு ஒரு மஞ்சள் வாளியை எழுதிவிடுவார்கள். வாளி இருக்கும் தட்டிலிருந்து எதையும் கழிக்கச் சொல்லி அந்த மென்பொருள் கேட்காது. சொந்தக்காரர் வந்து வாங்கிப் போனதும் வாளியை ஒப்படைத்ததாக எழுதிவிடுவார்கள்.

"கேட்டிருந்தா சொல்லியிருப்போமே தம்பி," என்றார் ஜன்னலம்மா. "மூணு மாசமா இங்கதானே இருக்கோம்."

அவன் காதுமடல் இரண்டும் சூடாயின. தங்கை நோட்டை மூடி மடியில் வைத்தாள். "நான் சாமிப் பொருள்னு சொன்னேன்கா," என்று ஒப்புக்கொண்டாள். ஜன்னலம்மா அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, எங்களுக்கு அதுக்கெல்லாம் நேரம் ஏதும்மா என்றார்.

அழித்த பதிவின் நகல் தலைமை அலுவலகத்தில் இருந்தது. அதை எடுக்க மூன்று கையெழுத்து வேண்டும், இரண்டு நாள் ஆகும். கழிவு முற்றமோ இரண்டு நாள் சும்மா இருக்காது. இரண்டு நாள் கழித்துப் பதிவு திரும்பி வந்தாலும், லாரியில் போனது திரும்பி வராது. தங்கை நோட்டைத் திறந்து, ஒப்படைத்த தேதி இல்லாத வாளிகளைப் பென்சிலால் எண்ணினாள். முப்பத்தெட்டு. ரேக்கும் தட்டும் எல்லாவற்றுக்கும் இருந்தன, பெரும்பாலும் பதினேழாம் ரேக். எந்தத் தட்டில் என்ன இருந்தது என்று ஜன்னலம்மாவும் சாவிக்காரரும் மாறி மாறிச் சொல்ல, அவள் எழுதிக்கொண்டே போனாள்: பூமி உருண்டை, வயலின் பெட்டி, குழந்தையின் முதல் ஷூ, பாதி பின்னிய கம்பளிச் சட்டை, தையல் மாதிரி அட்டைகள். சுத்தம் பக்கத்தில் நின்று பார்த்தான். கையால் எழுதுவதைப் பற்றி அவன் அதற்கப்புறம் வாய் திறக்கவில்லை.

ஜன்னலை விட்டு ஜன்னலம்மா வர முடியாது. மற்றவர்கள் ஒரு வாடகைக் காரில் ஏறினார்கள்: சுத்தம், தங்கை, சாவிக்காரர், கூடவே தையல்காரம்மா. வேண்டாம், களைப்பாக இருக்கும் என்று எவ்வளவோ சொல்லியும் அவர் கேட்கவில்லை. என் அட்டைக் கட்டு எனக்குத்தான் அடையாளம் தெரியும் என்று முன் இருக்கையில் ஏறிக்கொண்டார். ஊன்றுகோல்கள் ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு வந்தன.

கழிவு முற்றம் ஊருக்கு வெளியே, தகரக் கூரைக் கொட்டகைகளோடு இருந்தது. நேற்று வந்த லாரிச் சரக்கு ஒரு பெரிய குவியலாகக் கிடந்தது. காகிதத்தையும் அட்டையையும் மட்டும் காலையிலேயே பிரித்துவிட்டோம், இரண்டு மணிக்கு அழுத்து இயந்திரத்தில் போடுவோம் என்று மேஸ்திரி சொன்னார். அப்போது மணி பன்னிரண்டேகால். சுத்தம் சட்டைக் கையை மடித்துக்கொண்டு குவியலில் பாய்ந்தான். உச்சியில் கிடந்த ஒரு பெட்டியை இழுத்ததும் நாற்பது குடைகள் சரிந்து அவன் முழங்கால் வரை மூடின.

"நிறுத்து," என்றாள் தங்கை.

கவிழ்த்துப் போட்ட ஒரு கூடையில் அவள் உட்கார்ந்திருந்தாள். சாவிக்காரரைக் கூப்பிட்டு, எந்த ரேக்கிலிருந்து ஏற்ற ஆரம்பித்தீர்கள், லாரி எப்படிக் கொட்டியது என்று கேட்டாள். ஒன்றாம் ரேக்கிலிருந்து வரிசையாக ஏற்றினோம் என்றார் அவர். லாரி பின்பக்கம் சாய்த்துக் கொட்டிக்கொண்டே முன்னால் நகர்ந்தது என்றார் மேஸ்திரி. அப்படியானால் கடைசியாக ஏற்றிய இருபத்துநான்காம் ரேக் முதலில் விழுந்து அந்தக் கோடியில், அடியில் இருக்கும்; ஒன்றாம் ரேக் இந்தக் கோடியில். அவள் ஊன்றுகோலால் தரையில் கோடு கிழித்துக் குவியலை நான்கு பாகமாக்கினாள். பதினேழாம் ரேக் மூன்றாவது பாகத்தில், இடுப்பளவு ஆழத்தில் இருக்க வேண்டும் என்றாள். மேலேயிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பின்னால் வைக்க வேண்டும்; இழுக்கக் கூடாது, தாவக் கூடாது, முக்கியமாகச் சுத்தம் செய்யக் கூடாது.

அன்று அவன் தங்கை சொன்னதைச் செய்தான். வீட்டில் இருபது வருடமாக நடக்காத காரியம். முதல் அரை மணியில் பதினோரு பொருள் கிடைத்தன, எல்லாம் அவள் சொன்ன ஆழத்திலேயே. வயலின் பெட்டி வந்தபோது சாவிக்காரர் அதை வாங்கித் தன் கைக்குட்டையால் துடைத்தார். ஒன்றரை மணிக்குள் முப்பத்துநான்கு. கிடைக்காத நான்கில் தையல்காரம்மாவின் கட்டும் ஒன்று. அது அட்டை அல்லவா? காகிதக் குவியலுக்குப் போயிருந்தது.

கட்டியிருந்த நாடா அறுந்து, மாதிரி அட்டைகள் பழைய பெட்டிகளுக்கும் செய்தித்தாள்களுக்கும் நடுவில் கலந்து கிடந்தன. சுத்தத்தின் கண்ணுக்கு அவை, ஓரம் பழுத்த பழுப்பு அட்டைத் துண்டுகள். நடுவில் பென்சில் எண்கள், அங்கங்கே துளைகள். நேற்று அவனே பார்த்திருந்தால் அவனே போட்டிருப்பான். தையல்காரம்மா கால் மடக்கி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். இது பழைய போஸ்ட்மாஸ்டரின் முதுகு, இது இரட்டைப் பிள்ளைகளில் சின்னவளின் கை, இவருக்கு வலது தோள் கொஞ்சம் இறக்கம், அவரிடம் சொல்லாமல் நானே சரிசெய்து தைப்பேன் என்று சொல்லிக்கொண்டே அடுக்கினார்.

சுத்தம் ஒரு அட்டையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தான். பிறகு, மூன்று மாதத்தில் முதல் தடவையாக, ஒருவரிடம் அவர் வேலையைப் பற்றிக் கேட்டான். "இந்த ஓட்டையெல்லாம் எதுக்கும்மா?"

"ஒரு ஓட்டைன்னா ஒரு தடவை பெருத்திருக்காங்கன்னு அர்த்தம். வாயால கேட்டா கோவிச்சுப்பாங்க இல்ல?"

அவன் கையிலிருந்த அட்டையில் ஐந்து துளைகள் இருந்தன. அந்த ஆள் யாரென்று அவன் கேட்கவில்லை. தையல்காரம்மாவின் பார்வை ஒரு கணம் அவன் இடுப்பில் தங்கி நகர்ந்ததைத் தங்கை கவனித்தாள். அன்று அதைச் சொல்லாமல் விட்டதை அவள் தன் வாழ்நாள் புண்ணியமாகக் கருதினாள்.

இரண்டு மணிக்கு இயந்திரம் உறுமத் தொடங்கியபோது, இரண்டு கை அட்டைகளும் ஒரு காலரும் தவிர மற்றதெல்லாம் கிடைத்துவிட்டன. அந்தக் காலர் என் விரலிலேயே இருக்கிறது, வெட்டிக்கொள்வேன் என்றார் தையல்காரம்மா. ஆக முப்பத்தெட்டில் முப்பத்தைந்து. பூமி உருண்டையும், ஒரு மீன்தூண்டிலும், பாதி பின்னிய கம்பளிச் சட்டையும் போனது போனதுதான். அந்த மூன்று வீட்டுக்கும் சுத்தமே தொலைபேசியில் பேசினான். கம்பளிச் சட்டைக்காரர் பதினெட்டு நிமிடம் திட்டினார். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான். அது அவர் மனைவி பின்னிக்கொண்டிருந்தது என்றும், அதை முடிக்க அவள் இருக்கவில்லை என்றும் பதினெட்டாவது நிமிடத்தில்தான் சொன்னார். அதன் பிறகு திட்டாமல் வைத்துவிட்டார். அந்த ஒரு நிமிடம் அவனுக்கு ரொம்ப நாள் மனதில் உறுத்தியது.

மேலாளரிடம் அவனே போய் நடந்ததைச் சொன்னான். பழைய மென்பொருளை ஒரு மாதத்துக்குத் திரும்பப் போட்டார்கள். தலைமை அலுவலகத்திலிருந்து வந்த நகலோடு வாளிகளும் வந்தன. அந்த ஒரு மாதமும் சுத்தம், சின்ன அறையைப் பூட்டிவிட்டு ஜன்னலம்மா பக்கத்தில் உட்கார்ந்தான். முதல் நாள் படு மோசம். வந்தவர்களிடம் பொருளின் வகை என்ன, நிறம் என்ன என்று அவன் தன் படிவத்தில் எழுதியிருந்த வரிசையிலேயே கேட்டான், அவர்கள் விழித்தார்கள். ஜன்னலம்மா அப்படிக் கேட்பதே இல்லை. "எங்க போயிட்டிருந்தீங்க?" என்பார். அவர்கள் போன கதையைச் சொல்லச் சொல்ல, எந்த வண்டி, எந்தப் பக்கத்து இருக்கை, மடியில் என்ன இருந்தது எல்லாம் தானாக வரும். தொலைத்த குடையை எல்லோரும் புதுக்குடை என்றுதான் சொல்வார்கள் என்பதையும், அதில் இரண்டு வருடம் கூட்டிக்கொள்ள வேண்டும் என்பதையும் அவன் அங்கேதான் கற்றான். தங்கை அடுத்த நாற்காலியில் உட்கார்ந்து, அண்ணன் ஒரு மணி நேரத்தில் எத்தனை தரம் குறுக்கே பேசுகிறான் என்று கோடு போட்டுக்கொண்டிருந்தாள். முதல் வாரம் ஒரு பக்கம் நிறைந்தது. நான்காம் வாரம் ஒரு வரியில் அடங்கியது.

நாற்பத்தாறு பக்கத்தில் பதினெட்டு பக்கத்தை அவன் திருத்தி எழுதினான். காத்திருக்க வேண்டிய பொருளுக்குப் புதிதாக ஒரு பொத்தான் வந்தது. அதற்கு 'நீட்டிக்கப்பட்ட காப்பு நிலை' என்று மேலாளர் பெயர் எழுதி அனுப்பினார். ஜன்னலம்மா அதை ஒரு தரம் சத்தமாக வாசித்துப் பார்த்துவிட்டு, மூச்சு வாங்குகிறது என்றார். காகிதத்தில் மேலாளர் வைத்த பெயர் இருந்தது. திரையில் ஒரு மஞ்சள் வாளியின் படம் இருந்தது. இரண்டு தரப்பும் சண்டை போடவில்லை.

மாவுக்கட்டைப் பிரித்ததும் தங்கை தன் மேட்டுக்குத் திரும்பினாள். மூன்று மாதம் கழித்து அவளிடமிருந்து ஒரு தொலைபேசி வந்தது. அகழாய்வில் தினமும் தோண்டுகிறவர்கள் நிரப்பும் தாள்கள் ஆறு வருடத்துக்குக் குவிந்துவிட்டன. அதையெல்லாம் ஒழுங்காக ஏற்றுவதற்கு ஒரு மென்பொருள் எழுதிக் கொடு என்றாள். அவன் விடுமுறை போட்டுவிட்டுப் போனான். கூடாரத்தில் உட்கார்ந்து தாள்களை இருவரும் புரட்டினார்கள். எது வேண்டும், எது வேண்டாம் என்று அவள் கடகடவென்று சொல்லிக்கொண்டே போனாள்.

"இந்த வானிலைக் கட்டத்தைத் தூக்கிடு. நம்பவே முடியாது. பாரு, குழிக்குள்ள முழங்கால் தண்ணி நின்ன நாளைக்கு 'கடும் வெயில்'னு எழுதியிருக்காங்க. வேலையில்லாம எழுதின குப்பை."

அவன் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தான். அடுத்ததைப் பார்த்தான். அடை மழை மாதத்தில் பதினான்கு நாள் கடும் வெயில். தேதிகளைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டு, எழுந்து குழிப் பக்கம் போனான். தோண்டுகிறவர்கள் நிழலில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அவனும் ஒரு குவளை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தான். அரை மணி நேரம் அவன் எதுவும் கேட்கவில்லை. அப்புறம்தான் கேட்டான். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மேடத்தின் அண்ணன் என்று தயங்கினார்கள். கடைசியில் மூத்த பெண்மணி ஒருவர், மேடத்திடம் போகாது என்றால் சொல்கிறேன் என்றார்.

காலை ஆட்கள் எழுதிவைத்துவிட்டுப் போவதை மதிய ஆட்கள் வந்ததும் முதலில் படிப்பார்களாம். வெயில் என்று போட்டிருப்பது மேலே இருக்கும் வெயில் இல்லை. கூடாரத்துக்குள் இருக்கும் வெயில். மேடம் அன்றைக்கு யாரைப் பார்த்தாலும் கடித்துக் குதறும் நிலையில் இருந்தால் 'கடும் வெயில்'; விடுப்புக் கேட்கலாம் என்றால் 'இதமான காற்று'.

அவன் கூடாரத்துக்குத் திரும்பியபோது, என்ன சொன்னார்கள் என்று தங்கை கேட்டாள்.

"வானிலைதான். ரொம்ப கவனமா எழுதியிருக்காங்க," என்றான் சுத்தம். "தூக்க வேண்டாம், இருக்கட்டும். கட்டாயம் நிரப்பணும்னு வச்சிடறேன்."

அண்ணன் ஒன்றை அழிக்க மறுத்துப் பார்ப்பது அவளுக்கு இதுதான் முதல் தடவை. திருந்திவிட்டான் என்று எண்ணி, பெருமையாகத் தலையை ஆட்டினாள். பிறகு, தண்ணீர் கேன் இன்னும் வரவில்லை என்று யாரையோ சத்தம் போட எழுந்து வெளியே போனாள். கொஞ்ச நேரத்தில் மூத்த பெண்மணி வந்து, அன்றைய தாளை எடுத்து, 'காலையில் இதமான காற்று, பகல் முதல் இடி' என்று எழுதிவிட்டு, அவனைப் பார்க்காமல் போனார்.